கேள்வி–பதில்: புற்றுநோயை விரட்டும் மஞ்சள் மாத்திரை

கே: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ நடக்கிறது. ‘புற்றுசெல் வளர்ச்சியைத் தடுக்கும் குர்குமின்’ (மஞ்சளில் உள்ள சத்து) என்ற விளம்பரத்தை நம்பி 3,200 ரூபாய்க்கு மாத்திரை வாங்கினோம். டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். பணம் திரும்ப வருமா?

ப: உங்கள் மேல் தப்பில்லைம்மா. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் யாரும் எதையும் வாங்குவார்கள் என்று தெரிந்துதான் விற்கிறார்கள். விளம்பரத்தைப் படம் எடுத்து, பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் கொடுங்கள். மசியவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரப்படுத்துவதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று டப்பாவில் அச்சடிக்கிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த ஆய்வு? ஆய்வுக்கூடத் தட்டில் குர்குமினை விட்டால் புற்றுசெல்கள் பெருகுவது குறைகிறது, உண்மைதான். வாய்வழி போனால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. உறிஞ்சிய கொஞ்சத்தையும் கல்லீரல் மாற்றி வெளியே தள்ளிவிடும். 2008இல் வந்த அமெரிக்க ஆய்வில் கணையப் புற்றுநோயாளிகளுக்குத் தினம் 8 கிராம் கொடுத்தார்கள். 21 பேரில் இருவருக்குத்தான் ஏதோ பலன் தெரிந்தது. சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தின் வேலையைக் குர்குமின் கெடுத்ததை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். இதெல்லாம் டப்பாவில் வராது. உங்கள் டாக்டர் சொன்னதே சரி.

கே: மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் மாத்திரை 20 மடங்கு பலன் தருமாமே?

ப: பலன் இல்லை, ரத்தத்தில் சேரும் அளவு. அதுவும் சொற்பத்தின் 20 மடங்கு.

கே: தினம் மஞ்சள் பால் குடித்தால் புற்றுநோய் வராதா?

ப: வரலாம். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். அந்த 8 கிராமுக்குத் தினம் கால் கிலோவுக்கு மேல் தூள் கரைக்க வேண்டும்.

கே: மஞ்சள் பால் மிக்ஸ் ஆறு பாக்கெட் வாங்கிவிட்டேன். ஒரே இனிப்பு!

ப: ஆறு வாங்கும் முன் ஒன்றைத் திருப்பிப் பார்க்கக் கூடாதா? எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் இருக்கும். என் அலமாரியில் கிடப்பதில் முதலில் சர்க்கரை, அப்புறம் பால் பவுடர், கடைசி வரியில் மஞ்சள். எறும்புக்குத்தான் கொண்டாட்டம்.

கே: கடைத் தூள் கண்ணைப் பறிக்கிறது. கலப்படமோ?

ப: ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போடுங்கள். தூள் அடியில் தங்கும்போது தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளாக இறங்கினால் சமையலுக்கு வேண்டாம். நிறத்துக்கு ஈயக் குரோமேட் என்ற நச்சு மஞ்சள் சாயத்தைக் கலக்கும் புண்ணியவான்கள் உண்டு. பாலிஷ் போடாத விரலி மஞ்சளை வாங்கி மில்லில் கொடுத்து அரையுங்கள்.