அடாட் டேப்பைக் கணினியில் ஏற்றும்போது 'டிக் டிக்' சத்தம்

அடாட் என்ற எட்டு டிராக் டிஜிட்டல் டேப் ரெக்கார்டரிலிருந்து ஆப்டிகல் கேபிள் வழியாகக் கணினியில் ஏற்றும்போது 'டிக் டிக்' என்று கேட்கிறது என்கிறீர்கள். இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) க்ளாக்கை, அதாவது அதன் வேகத்தை நிர்ணயிக்கும் கடிகாரத்தை, 'இன்டர்னல்' என்பதிலிருந்து 'ஆப்டிகல்' என்று மாற்றுங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

எட்டு டிராக்கிலும் (தனித்தனி ஒலித்தடம்) ஒரே நேரத்தில், சீரான இடைவெளியில் சத்தம் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பழுதான டேப் இவ்வளவு ஒழுங்காகப் பழுதாவதில்லை! அடாட் ஒரு கடிகாரத்திலும் இன்டர்ஃபேஸ் இன்னொன்றிலும் ஓடுகின்றன. இரண்டும் விலகும்போது ஒரு சாம்பிள் (ஒலியின் ஒரு சிறு அளவீடு) தவறுகிறது, அதுதான் அந்த 'டிக்'.

சந்தேகமிருந்தால் ஆப்டிகல் கேபிளை விட்டுவிட்டு, அடாட்டின் அனலாக் அவுட்டில் (டிஜிட்டல் அல்லாத சாதாரண ஒலி வெளியீடு) ஹெட்போன் ஆம்ப் இணைத்துக் கேளுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் டேப் மீது குற்றமில்லை.

கூடவே சாம்பிள் ரேட்டையும், அதாவது நொடிக்கு எத்தனை சாம்பிள் என்பதையும், பாருங்கள். 1992இல் விற்பனைக்கு வந்த முதல் கறுப்பு மாடல் இயல்பாக 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும். கணினியில் உங்கள் ப்ராஜெக்ட் 44.1இல் இருந்தால், க்ளாக் சரியான பிறகும் பாட்டு சுருதி இறங்கி இழுவையாகத்தான் கேட்கும்.

அனலாக்கிலும் சத்தம் வந்தால் கதை வேறு: ஹெட் (டேப்பைப் படிக்கும் முனை) அழுக்கு அல்லது டேப் தேய்மானம். அப்போது காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது எஸ்-விஹெச்எஸ் வீடியோ டெக்கைப் போன்ற சுழலும் ஹெட்; பஞ்சு இழை சிக்கினால் ஹெட்டே போய்விடும். வீடியோ டெக் பழுதுபார்த்துப் பழகியவரிடம் கொடுங்கள். அதுவரை அந்த டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டாம்.