மேனிஃபோல்டு மாற்றிய பின் டெம்பரேச்சர் ஊசி ஏறி இறங்குவது ஏன்

அண்ணே, கார்புரேட்டர் காலத்து மேனிஃபோல்டை (எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் குழாய்) எடுத்துவிட்டு வேறு அலுமினிய மேனிஃபோல்டு போட்டிருக்கிறீர்கள். அதற்குள் தண்ணீர் வழியே இல்லாததால், மிச்சமான இரண்டு ஹோஸையும் மெக்கானிக் போல்ட் வைத்து அடைத்திருக்கிறார். இப்போது காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போவதற்குள் ஊசி சிவப்புவரை ஏறி, சட்டென்று இறங்குகிறது. எனக்கு அந்த அடைப்பின் மேல்தான் சந்தேகம்.

தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) மூடியிருக்கும்போதும் பம்ப் தள்ளும் தண்ணீர் சுற்றி வர ஒரு வழி வேண்டும். தனி பைபாஸ், அதாவது சுற்றுவழி, இல்லாத எஞ்சினில் மேனிஃபோல்டு வழிதான் அந்த பைபாஸ். அதை அடைத்தால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட் கொதிக்கும். தெர்மோஸ்டாட்டைச் சூடான தண்ணீர் தொடாது. தாமதமாகத் திறந்ததும் ஊசி விழும்.

அடைப்பை எடுத்துவிட்டு, இரண்டு ஹோஸ் முனையையும் பித்தளைக் குழாய் வைத்து இணைத்துவிடுங்கள். கூலன்ட் ஹோஸ்தான் வேண்டும். பெட்ரோல் ஹோஸ் இதற்கு ஆகாது. நம்ம ஊர் வெயிலுக்கு மேனிஃபோல்டைச் சூடாக்க வேண்டிய அவசியமே இல்லை, அதனால் அந்தக் கவலை வேண்டாம்.

ஃபேன் சுவிட்சும் கேஜ் சென்சாரும் பழைய மேனிஃபோல்டில் இருந்தனவா? அப்படியானால் ஓடும் தண்ணீரில் அவற்றுக்கு இடம் பாருங்கள். காற்றுக்குமிழியில் மாட்டிய சென்சார் பொய்தான் சொல்லும்.

அப்புறம், எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, முன்பக்கத்தை மேடாக நிறுத்தி, குமிழி நிற்கும்வரை ஓடவிட்டு நிரப்புங்கள். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. போர் தண்ணீர் உப்பு படியும். ஊருணித் தண்ணீர் சோற்றுக்கு நல்லது, ரேடியேட்டருக்கு வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டையே கழற்றி வீசச் சொல்வார்கள். கேட்காதீர்கள்.