பாசனக் குழாயில் வரும் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா?

முடியும். ஆனால் முதலில் ஒன்று சொல்லுங்கள்: அந்தத் தண்ணீர் மேட்டிலிருந்து தானாக இறங்கி வருகிறதா, மோட்டார் போட்டுத் தள்ளுகிறீர்களா? மோட்டார் என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். குழாயில் டர்பைன் (தண்ணீர் தள்ளச் சுற்றும் சக்கரம்) வைத்தால் அந்தச் சுமையும் மோட்டார் தலையில்தான் விழும். கிடைப்பதைவிடச் செலவாவது அதிகம். அழுத்தம் மிஞ்சுகிறதென்றால் மோட்டாரின் வேகத்தைக் குறைப்பதே லாபம்.

தானாக இறங்கி வருகிறதென்றால் அழுத்தம் குறைக்கும் வால்வு எங்கே இருக்கிறதென்று பாருங்கள். தண்ணீர் ஓடும்போது கை வைத்தால் அதிரும், உஸ்ஸென்று இரையும். உங்கள் மின்சாரம் அங்கேதான் வீணாகிறது.

வால்வுக்கு முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் மாட்டி, வயலுக்குத் தண்ணீர் பாயும்போது அளவெடுங்கள். மூடி வைத்து அளந்தால் முள் ஏமாற்றும், ஏனென்றால் ஓடும்போது குழாய் உராய்விலேயே கொஞ்சம் போய்விடும். முன்னால் 3 பார், சொட்டுநீருக்குத் தேவை 1 பார் என்றால் மிச்சம் 2 பார், அதாவது சுமார் 20 மீட்டர் உயரம். நொடிக்கு 10 லிட்டர் ஓடினால் 9.81 × 10 × 20, ஏறக்குறைய 1960 வாட். அதில் 60 சதவீதம் கைக்கு வந்தால் 1.2 கிலோவாட், 8 மணி நேரப் பாசனத்துக்கு ஒன்பதரை யூனிட். கணக்கு 200 வாட்டில் நின்றால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்தான்.

டர்பைன் என்றதும் பலரும் பெல்டன் என்பார்கள், அதாவது தண்ணீர்த் தாரை கிண்ணங்களில் அடித்துச் சுற்றும் சக்கரம். அதிலிருந்து வெளியேறும் தண்ணீரில் அழுத்தமே இருக்காது. தொட்டியிலோ வாய்க்காலிலோ விழும் தண்ணீருக்குச் சரி, சொட்டுநீருக்கு ஆகாது. என் தேர்வு, சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்பைத் திருப்பி ஓட்டுவது. வெளியேறும் வாய் வழியாகத் தண்ணீரை உள்ளே விட்டால் பம்புக்குள் இருக்கும் சக்கரமான இம்பெல்லர் எதிர்த்திசையில் சுற்றும், மோட்டாரே ஜெனரேட்டராகிவிடும். மின் இணைப்போடு சேர்க்காமல் தனியாக ஓட்டினால் கெப்பாசிட்டர் தேவை. விலை குறைவு, உதிரி எங்கும் கிடைக்கும்.

இதன் பலவீனம், ஓட்டம் கொஞ்சம் மாறினாலும் திறன் சரிந்துவிடும். இன்று ஒரு பாத்தி, நாளை நான்கு என்று திறந்தால் சரிவராது. வால்வுகளை முறைவைத்து ஓட்டத்தை ஒரே அளவில் வையுங்கள். பழைய வால்வைக் கழற்றிவிடாதீர்கள், டர்பைனுக்குப் பக்கத்தில் பைபாஸாக இருக்கட்டும். டர்பைன் நின்றாலும் பயிருக்குத் தண்ணீர் போகும். திடீரென்று மின்சுமை அறுந்தால் இம்பெல்லர் தறிகெட்டுச் சுற்றும். அப்போது டர்பைன் பக்கத்தை மெதுவாக மூடி பைபாஸைத் திறக்கும் ஏற்பாடு வேண்டும். பட்டென்று மூடினால், ஓடும் தண்ணீர் சட்டென்று நின்று அறையும் அடியில் குழாயே வெடிக்கலாம்.

வருடத்தில் எத்தனை மாதம் பாசனம் என்பதையும் எழுதுங்கள். மூன்றே மாதம் என்றால் என் பதில் மாறும்.