உருளைக்கிழங்கைப் பார்த்த பிறகுதான் புரிந்தது

ராஜபாளையத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள்: "அக்கா, டெல்லி பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆனர்ஸ் கிடைத்திருக்கிறது. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். குளிர் தாங்குமா, சாப்பாடு எப்படி, இந்தி தெரியாமல் சமாளிக்கலாமா, ஹாஸ்டலா, வெளியே பேயிங் கெஸ்டாக பிஜியா?"

குளிருக்கு நவம்பரில் இங்கேயே ஒரு ரஜாய், அதாவது பஞ்சு அடைத்த கனமான போர்வை, வாங்கிக்கொள், ஊரிலிருந்து கம்பளி சுமந்து வராதே. ஜனவரியில் சில ராத்திரி நாலு டிகிரிக்குப் போகும். அதற்குள் உடம்பு பழகிவிடும். ராஜ்மா சாவலும் பழகிவிடும். ஹாஸ்டல் கிடைத்தால் ஹாஸ்டல். இல்லையென்றால் கமலா நகர், விஜய் நகர் பக்கம் பிஜி பார். அறையை நேரில் பார்க்காமல் ஒரு பைசா முன்பணம் அனுப்பாதே.

சரி, நடுவில் "தமிழ் மீடியம்" என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறாயே, என் கண்ணில் பட்டது அதுதான்.

நானும் அப்படித்தான் வந்தேன், தென்காசியிலிருந்து, 1995 ஜூலையில். பள்ளியில் முதல் மார்க். இங்கே முதல் வாரமே பேராசிரியை "ஆஸ்மோசிஸ்" என்று ஆரம்பித்து மளமளவென்று பேசிக்கொண்டே போனார். சுற்றி எல்லோரும் எழுதினார்கள், நான் தேதியை மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரம் இப்படியே போனது. அப்புறம் ஒருநாள் லேபில் தோல் சீவிய உருளைக்கிழங்கைக் குடைந்து, உள்ளே சர்க்கரைக் கரைசல் ஊற்றி, மட்டத்துக்கு ஒரு குண்டூசி குத்தி, தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தார்கள். கரைசல் குண்டூசியைத் தாண்டி மெல்ல ஏறியது. அடடா, இது சவ்வூடு பரவல்! எட்டு மார்க் கேள்விக்குத் தூக்கத்தில்கூட எழுதுவேனே. பள்ளிப் புத்தகத்தில் அடைப்புக்குறிக்குள் அந்த ஆங்கிலச் சொல் இருந்திருக்கும், நாங்கள் யாரும் அதை வாய்விட்டுப் படித்ததில்லை. அன்று ராத்திரி நான் அழுதது சந்தோஷத்தில் இல்லை. தெரிந்த பாடத்துக்கே மூன்று வாரம் ஊமையாக உட்கார்ந்திருந்தோமே என்று.

இப்போது நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், சியூஇடி 13 மொழிகளில் நடக்கிறது. நல்லதுதான். ஆனால் உள்ளே வந்ததும் பாடம் ஆங்கிலத்தில். சந்தேகம் கேட்டால் விளக்கம் பாதி இந்தியில் வரும். தமிழில் எழுதித் தேறி வா என்று கூப்பிட்டவர்களுக்கு, முதல் சில மாதம் கைபிடித்துக் கூட்டிப்போகும் கடமையும் உண்டு என்பது என் கட்சி. எனக்கு வருஷக் கடைசியில்தான் பரீட்சை, விழுந்து எழ நேரம் இருந்தது. 2011-லிருந்து இளநிலைக்கு முழுக்க செமஸ்டர். சேர்ந்த நாலு மாதத்தில் பரீட்சை வந்து நிற்கும். புரியவில்லை என்று வகுப்புக்குப் போகாமல் இருக்க ஆரம்பித்தால் அட்டெண்டன்ஸும் போய்விடும், மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

அதனால் இப்போதே ஒரு நோட்டு போடு. இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலம், வாய்விட்டுப் படி. முதல் மாதத்திலேயே ஆசிரியரின் அறைக்குப் போய், "நான் தமிழில் படித்தவள், வேகம் பிடிபடவில்லை" என்று சொல்லிவிடு. நான் செப்டம்பர் கடைசியில்தான் போனேன். கதவு வரை போய் இரண்டு தடவை திரும்பியிருக்கிறேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "நான் பள்ளியில் படித்தது வங்காளத்தில்" என்றார். பிறகு வாரம் ஒருநாள் மதியம் தன் டிஃபனைப் பங்கு போட்டுக்கொண்டே பாடம் சொன்னார்.

இன்னொன்று. வந்து இறங்கியதும் நம் ஆட்கள் உன்னைத் தேடி வருவார்கள். ஊரு, பேரு, எல்லாம் விசாரிப்பார்கள். நல்ல மனுஷர்கள்தான். ஆனால் முப்பது வருஷமாக இங்கே சம்பாதித்துக்கொண்டு இந்தியில் நாலு வார்த்தை பேச மாட்டேன் என்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்களும், பெற்ற பிள்ளையிடம் தமிழ் பேசக் கூசுகிறவர்களும் எனக்கு ஆகாது. இரண்டு பேருமே உனக்கு புத்தி சொல்வார்கள், கேட்காதே. ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போய் சுவாமிநாதனைக் கும்பிட்டு வா, ஆனால் எல்லா ஞாயிறும் அங்கேயே ஒதுங்கிவிடாதே. நான் இந்தி கற்றது மெஸ்ஸில் ரொட்டி போட்ட தீதியிடம். இன்றைக்கு மயூர் விஹார் சந்தையில் காய்க்காரரிடம் பேரம் பேசி ஜெயிக்கிறேன், வீட்டில் பிள்ளைகள் தமிழில்தான் சண்டை போடுகிறார்கள்.

அம்மாவிடம் பொய் சொல்லாதே. நான் சொன்னேன். அப்போது ஞாயிற்றுக்கிழமை, வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று பக்கத்து வீட்டு பி.பி. நம்பருக்குப் போடுவேன். கூப்பிடச் சொல்லி வைத்துவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் போட்டால் அம்மா மூச்சிரைக்க வருவாள். "நல்லா இருக்கேம்மா" என்பேன். மீட்டர் ஓடும். அந்த மூன்று வாரமும் அதைத்தான் சொன்னேன்.

பக்கத்து அறையில் ஒரிசாவிலிருந்து வந்த ஒருத்தி, என் வகுப்புதான். அவளும் வீட்டில் அதையேதான் சொல்லியிருக்கிறாள். தீபாவளி லீவுக்குப் போனவள் திரும்பவில்லை. பிப்ரவரியில் அவள் அப்பா வந்து தகரப் பெட்டியை எடுத்துப்போனார். ரஜாயை மடிக்கத் தெரியாமல் கட்டிலில் வைத்து இரண்டு மூன்று தடவை மடித்துப் பார்த்தார், நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். "உன்கிட்ட ஏதாவது சொன்னாளா அம்மா?" என்று அரைகுறை இந்தியில் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் என் கதையை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. பெட்டியில் மேலாக அவளுடைய ரெக்கார்டு நோட்டு இருந்தது. திறந்து பார்த்தேன். படங்களெல்லாம் என்னுடையதைவிட எவ்வளவோ நன்றாக வரைந்திருந்தாள்.