கட்டத் தவறினால் மேலும் ஆறு மாதம்

கேள்வி: தீர்ப்புச் செய்திகளின் கடைசியில் வரும் ‘அபராதம் கட்டத் தவறினால் மேலும் 6 மாதம் சிறை’ என்ற வரியைச் சென்ற இதழ்த் தலையங்கத்தில் கண்டித்திருந்தீர்கள். குற்றம் நிரூபணமாகி நீதிபதி அபராதம் போட்ட பிறகும் கட்டாதவன் உள்ளேயே இருக்கட்டுமே! கட்டாமலே வெளியே வரலாம் என்றால் எவன் கட்டுவான்? குற்றவாளிகளுக்காக ஒரு பத்திரிகை ஏன் உருக வேண்டும்?
— வாசகர், திருப்பத்தூர்

பதில்: வசதி இருந்தும் கட்ட மறுப்பவனை உள்ளே வைப்பதில் எனக்கு உங்களோடு எந்த வேறுபாடும் இல்லை. அவனுடைய சொத்தை ஜப்தி செய்து வசூலிக்கவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. தலையங்கம் பேசியது, கட்டுவதற்கு வழியே இல்லாதவனைப் பற்றி. நம் தீர்ப்புகளின் கடைசி வரி இந்த இருவரையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை. நீங்களும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று பிரிவுகளில் குற்றவாளி என்று தீர்க்கப்பட்ட ஒருவருக்கு ஒவ்வொரு பிரிவிலும் 3 ஆண்டு கடுங்காவல், ரூ. 5,000 அபராதம், கட்டத் தவறினால் மேலும் 6 மாதம் என்று விதிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்று தீர்ப்பு முடிகிறது. ஆக மொத்தம் 3 ஆண்டு என்று எண்ணிக்கொண்டு நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் அந்த ‘ஏககாலம்’ குற்றத்துக்காக விதித்த சிறைத் தண்டனைகளுக்கு மட்டுமே உரியது. அபராதம் கட்டாததற்கான சிறைவாசம் அந்தத் தண்டனையோடும் சேர்ந்து ஓடாது, ஒன்றோடொன்றும் சேர்ந்து ஓடாது என்று 2018-இல் சரத் ஹிரு கொலம்பே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விசாரணைக் கைதியாக இருந்த நாள்களை மூன்றாண்டுத் தண்டனையில் கழித்துக்கொள்ளலாம். கட்டத் தவறியதற்கான சிறையில் அவற்றைக் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. எனவே ரூ. 15,000 புரட்ட முடிந்தவர் மூன்றாண்டு முடிந்த அன்றே வீட்டுக்குப் போகிறார். அதே குற்றத்தை அவரோடு சேர்ந்து செய்து, அதே தண்டனையைப் பெற்று, அதே அறையில் படுத்திருந்த இன்னொருவர், பணம் கட்ட வெளியில் ஆளில்லாத காரணத்தால் மேலும் 18 மாதம் இருக்கிறார். ஒரு நாள் சிறைக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள்: 28 ரூபாய்கூட வரவில்லை.

இந்தப் பதினெட்டு மாதம் எதற்கான தண்டனை? குற்றத்துக்கானது என்று நீங்கள் சொல்வீர்கள். குற்றத்துக்கான மூன்றாண்டை இருவருமே முழுதாக அனுபவித்து முடித்துவிட்டார்கள். எஞ்சியிருப்பது அரசுக்குச் செலுத்த வேண்டிய ஒரு தொகை மட்டும்தான். ஒருவன் வங்கிக்குத் தர வேண்டிய பணத்தைத் தரவில்லை என்பதற்காக மட்டுமே அவனைச் சிவில் சிறையில் அடைக்க முடியாது. அவனிடம் பணம் இருந்தது, இருந்தும் கெட்ட எண்ணத்தோடு தர மறுத்தான் என்று காட்ட வேண்டும் என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். ஏழையாக இருப்பது குற்றமாகாது என்பதும், அதற்காகச் சிறையில் தள்ளுவது உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்கு விரோதம் என்பதும் அந்தத் தீர்ப்பின் அடிப்படை. வங்கிக்குக் கடன்பட்டவனுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த அந்த ஒரு கேள்வி, ‘உன்னால் கட்ட முடியுமா?’ என்கிற கேள்வி, அரசுக்கு அபராதம் கட்ட வேண்டியவனுக்கு மட்டும் ஏன் கேட்கப்படாமல் போக வேண்டும்?

சட்டம் இந்த விஷயத்தில் எவ்வளவு அசட்டையாக இருந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள சிறு குற்றங்களில், ரூ. 50 வரையிலான அபராதத்தைக் கட்டத் தவறினால் இரண்டு மாதம் வரை, ரூ. 100 வரை என்றால் நான்கு மாதம் வரை, அதற்கு மேல் எந்தத் தொகையானாலும் ஆறு மாதம் வரை வெறுங்காவல் என்று 1860-இல் இந்திய தண்டனைச் சட்டம் எழுதிவைத்தது. நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த 50 ரூபாயும் 100 ரூபாயும் அப்படியே கிடந்தன. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அவற்றை ரூ. 5,000, ரூ. 10,000 என்று உயர்த்தியது, அது நல்லதுதான். ஆனால் அதற்கு மேற்பட்ட தொகைகளுக்கு ஆறு மாதமாக இருந்த உச்ச வரம்பை அதே கையோடு ஓராண்டாக்கிவிட்டது. இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை.

‘எவன் கட்டுவான்?’ என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லோரும் கட்டக்கூடிய, கட்டும்போது எல்லோருக்கும் ஒரே அளவு வலிக்கக்கூடிய அபராதம் என்றால் கட்டுவார்கள். பின்லாந்து 1921 முதல் இப்படித்தான் அபராதம் விதித்துவருகிறது. குற்றத்தின் தன்மையைப் பார்த்து இத்தனை நாள் அபராதம் என்று முடிவு செய்வார்கள். ஒரு நாளுக்கு எவ்வளவு என்பது அவரவர் வருமானத்தைப் பொறுத்தது. 2023-இல் அந்நாட்டின் ஆலந்து தீவில் அளவுக்கு மீறிய வேகத்தில் கார் ஓட்டிய கோடீஸ்வரத் தொழிலதிபர் ஒருவர் 1,21,000 யூரோ கட்ட வேண்டியிருந்தது. நம் ஊரிலோ ஆயிரம் ரூபாய் அபராதம் என்பது ஒருவருக்கு ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாடு, இன்னொருவருக்கு ஒரு வாரத்து அரிசி பருப்பு. முன்னவருக்கு அது தண்டனையே ஆகவில்லை என்பதும் எனக்கு அதே அளவு கோபம் தருகிற விஷயம்.

அபராதத்தை ஒழித்துவிடுங்கள் என்று தலையங்கம் எங்கும் சொல்லவில்லை. தொகையை எழுதும் முன், குற்றவாளிக்கு என்ன வருமானம், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நீதிபதி விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றுதான் கேட்டோம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. அபராதத்துக்கு உச்சத் தொகை குறிப்பிடாத இடங்களில்கூட அது அளவுக்கு மீறியதாக இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. போதைப்பொருள் வழக்கொன்றில் ஒரு லட்ச ரூபாய் கட்டத் தவறினால் 3 ஆண்டு என்று இருந்ததை, 2007-இல் சாந்திலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6 மாதமாகக் குறைத்திருக்கிறது. புதிய சட்டம் சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையைத் தண்டனையாகச் சேர்த்திருக்கிறதே, அந்த வழியை அபராதம் கட்ட முடியாதவர்களுக்கும் திறந்துவிடலாம். ஜெர்மனியில் அபராதத்தைப் பொதுநலப் பணி செய்து கழிக்க வழி இருக்கிறது. ஒரு மனிதனைச் சும்மா உட்காரவைத்துச் சோறு போடுவதைவிட அரசுக்கும் அதில் செலவு குறைவுதான்.

உங்களுக்குத் தெரிந்த குடும்பம் எதுவும் இந்த நிலையில் இருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். முழுத் தொகையும் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரூ. 5,000 அபராதத்துக்காக ஆறு மாதம் உள்ளே இருப்பவர், அதில் மூன்று மாதம் கழிந்த நிலையில் ரூ. 2,500 கட்டினால் அத்தோடு வெளியே வந்துவிடலாம். கட்டிய பங்குக்கு ஏற்ப நாள்கள் குறையும் என்பது சட்டத்திலேயே எடுத்துக்காட்டோடு இருக்கிறது. சிறைத் தண்டனை இல்லாமல் அபராதம் மட்டும் விதிக்கப்பட்டவர், 30 நாள் அவகாசமோ இரண்டு மூன்று தவணைகளோ கேட்டு நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஏழைக் கைதிகளுக்கு உதவ 2023-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் தண்டனைக் கைதியின் அபராதத்துக்காக ரூ. 25,000 வரை கிடைக்கும். சில சட்டங்களின் கீழ் வரும் வழக்குகளுக்கு அது பொருந்தாமல் போகலாம். சிறைக் கண்காணிப்பாளரிடமோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமோ கேட்கலாம். இலவசச் சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.