பதிவுக்கு முன்னே தொடங்க வேண்டிய படிப்பு: தொண்டு அமைப்பு நடத்துவோருக்குச் சில பதில்கள்

சேலம் மாவட்டத்திலிருந்தும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, தொண்டு நிறுவனம் நடத்தக் கற்றுக்கொள்ள எந்தப் பயிற்சி வகுப்பில் சேரலாம் என்று கேட்கின்றன. வகுப்புகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், ஓர் அமைப்பு தன் கையால் எழுதியாக வேண்டிய துணை விதிகள், தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், வரவு செலவுத் திட்டம் ஆகிய நான்கையும் யாரிடமும் ஒப்படைக்காமல் தாமே எழுதிப் பழகியவர்கள், நிர்வாகத்தின் பெரும்பகுதியைக் கற்றுவிடுகிறார்கள் என்பதே என் உறுதியான கருத்து. கடிதங்களில் வந்த சில கேள்விகளும் என் பதில்களும் கீழே.

நாகலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாங்கள் ஐந்து பேர் மலையாளி பழங்குடிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறோம். இதை அமைப்பாகப் பதிவு செய்ய விரும்புகிறோம். நிர்வாகம் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. கட்டணம் கட்டிப் படிக்கவும் வசதியில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதிவை மூன்று மாதம் தள்ளிவையுங்கள். அந்த மூன்று மாதத்தையும் படிப்புக்கு ஒதுக்குங்கள். சங்கமாகப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும்; இன்னும் இருவரை இதற்குள் தேடிக்கொள்ளுங்கள்.

முதல் மாதத்தில் ஊரைப் படியுங்கள். அந்தப் பிள்ளைகளுக்காக அரசு ஏற்கெனவே என்ன செய்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்பதை எழுத்தில் கொண்டு வாருங்கள். மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை வகுப்பு எடுத்தார்கள். இவற்றுக்குப் பிறகும் உங்கள் வகுப்பு எதற்காகத் தேவைப்படுகிறது? காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் பெற்றோர் வீடு திரும்ப நேரமாகிறது, அந்த இடைவெளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பது ஒரு பதிலாக இருக்கலாம். ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை என்பது வேறொரு பதில். இரண்டும் வெவ்வேறு வேலைகள். ஆளும் நேரமும் பணமும் இரண்டுக்கும் ஒரே அளவில் தேவைப்படா. தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை, அதாவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போய், பேசுவதற்கு முன் உட்கார்ந்து கேளுங்கள். அதன் பின் ஒரே பக்கத்தில், யாருக்காக, எந்தக் குறைக்காக, ஓராண்டில் என்ன மாறியிருக்க வேண்டும் என்று எழுதுங்கள். அந்தப் பக்கத்தை ஊர்ப் பெரியவர் ஒருவரிடமும் பிள்ளைகளின் தாய்மார் இருவரிடமும் வாசித்துக் காட்டி, அவர்கள் மறுத்ததைத் திருத்துங்கள்.

இரண்டாம் மாதத்தில் சட்டத்தைப் படியுங்கள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் மிக நீண்டதன்று. ஐந்து பேரும் பிரித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒருவர் தம் பகுதியை மற்ற நால்வருக்கும் விளக்கினால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். படித்த கையோடு துணை விதிகளை நீங்களே வரையுங்கள். கடையில் கிடைக்கும் மாதிரிப் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்திடும் வழக்கம் நம் பக்கத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது, அது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. உறுப்பினரை நீக்குவது எப்படி, கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தால் செல்லும், காசோலையில் யார் யார் கையெழுத்திடுவது என்பவையெல்லாம் நட்பு நன்றாக இருக்கும் காலத்திலேயே பேசி எழுத வேண்டியவை. மனக்கசப்பு வந்த பிறகு அந்த விதிகளை எழுத எவராலும் முடிவதில்லை.

மூன்றாம் மாதத்தில் கணக்கு. அமைப்புக்கு இன்னும் பெயரே இல்லாவிட்டாலும் ரொக்கப் புத்தகத்தைத் தொடங்குங்கள். உதாரணமாக, ஏற்காட்டிலிருந்து நோட்டுப் புத்தகக் கட்டுகளை ஜீப்பில் ஏற்றி வருகிறீர்கள். வாடகை 800 ரூபாய். வவுச்சரில் வரிசை எண், தேதி, எதற்காக, எங்கிருந்து எங்கே, தொகை எண்ணாலும் எழுத்தாலும், பெற்றுக்கொண்ட ஓட்டுநரின் கையெழுத்து, செலவுக்கு ஒப்புதல் தந்தவரின் கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். ஒப்புதல் தருபவரும் பணம் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அன்றைய வரவு செலவை அன்றே எழுதி, இரவில் கையிருப்பை எண்ணி, புத்தகத்தில் உள்ள இருப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மூன்று மாதம் இப்படிச் செய்தவருக்கு ஆடிட்டர் பேசும் மொழி விளங்கத் தொடங்கும். கணக்கியல் அடிப்படையை முறையாகக் கற்க விரும்பினால், மத்திய அரசின் ‘ஸ்வயம்’ இணையதளத்தில் கட்டணமில்லாப் பாடங்கள் இருக்கின்றன.

ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொரு தன்னார்வலரும் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைப் படித்திருக்க வேண்டும். மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் இருக்கக் கூடாது என்பது உங்கள் முதல் விதியாக இருக்கட்டும்.

அம்மாபேட்டையில் நெசவாளர் குடும்பங்களின் மருத்துவச் செலவுக்கு உதவ விரும்புகிறோம். சங்கம், டிரஸ்ட், கம்பெனி ஆகிய மூன்றில் எது நல்லது?

யார் முடிவெடுக்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும்.

சங்கத்துக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் பதிவாகும். செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேற்படாது. பொதுக்குழு கூட வேண்டும், ஆண்டுதோறும் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். டிரஸ்ட், அதாவது அறக்கட்டளை என்பது ஒருவர் சொத்தையோ பணத்தையோ ஒரு நோக்கத்துக்கு ஒப்படைத்து, அறங்காவலர்களிடம் பொறுப்பைத் தருவது. பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும். மகாராஷ்டிரத்தில் இருப்பதுபோல் பொது அறக்கட்டளைகளுக்கென்று தனி மாநிலச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லாததால், பத்திரத்தில் எழுதிய வாசகமே அறக்கட்டளையின் தலையெழுத்தாகிவிடுகிறது. பிறகு மாற்றுவது கடினம். 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 8ஆம் பிரிவின் கீழ் வரும் லாப நோக்கமற்ற கம்பெனிக்கு இரண்டு இயக்குநர்கள் போதும். ஆனால் ஆண்டு முழுவதும் தாக்கல் செய்ய வேண்டிய படிவங்கள் அதிகம், அவற்றுக்கான தொழில்முறைக் கட்டணமும் அதிகம். சேலம் மாவட்டத்துக்கான கம்பெனிப் பதிவாளர் அலுவலகம் கோயம்புத்தூரில் இருக்கிறது.

உதவி பெறும் நெசவாளர்களும் உறுப்பினராகி, யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் இடத்தில் உட்கார வேண்டும் என்று நினைத்தால் சங்கமே பொருத்தம். ஒரு குடும்பம் தன் பணத்தை ஒதுக்கி நடத்துவதானால் அறக்கட்டளை. உங்கள் கடிதத்தின் தொனியை வைத்துப் பார்த்தால் சங்கத்தையே பரிந்துரைப்பேன்.

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் சங்கத்தின் ஏழு உறுப்பினர்களும் உறவினர்கள். வாரம் ஒருமுறை சந்திப்பதால் தனியாகக் கூட்டம் நடத்துவதில்லை. ஆண்டு முடிவில் தீர்மானப் புத்தகத்தை மொத்தமாக எழுதிவிடுகிறோம். இது போதாதா?

போதாது. நடக்காத கூட்டத்தை நடந்ததாக எழுதுவது பொய் ஆவணம்; அதில் கையெழுத்திட்ட ஏழு பேரும் அதற்குப் பொறுப்பாவார்கள். உறவினர்கள் சேர்ந்து சங்கம் தொடங்குவதால் மட்டும் குற்றமில்லை. ஆயினும், அண்ணன் வைத்த கணக்கைத் தம்பி கேள்வி கேட்க முடியாத வீட்டில் சங்கத்தின் கணக்கையும் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். குடும்பத்துக்கு வெளியிலிருந்து மூன்று பேரையேனும் சேருங்கள். அவர்களில் ஒருவர் பொருளாளராக இருக்கட்டும்.

தீர்மானப் புத்தகம் எழுதுவது கடினமான கலையன்று. பக்க எண் அச்சிட்ட, தைத்த நோட்டு ஒன்றை வாங்குங்கள். இடம், தேதி, நேரம், வந்தவர்கள், வராதவர்கள், கோரம் (கூட்டம் செல்லத் தேவையான எண்ணிக்கை) இருந்ததா என்பதை முதலில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு பொருளும் தனியாக வரட்டும். “கொலுசுப் பட்டறைத் தொழிலாளர் பிள்ளைகள் 12 பேருக்குப் பள்ளிக் கட்டண உதவியாகத் தலா 1,500 ரூபாய், மொத்தம் 18,000 ரூபாய், பள்ளியின் பெயருக்குக் காசோலையாக வழங்குவதெனத் தீர்மானிக்கப்பட்டது; முன்மொழிந்தவர் இன்னார், வழிமொழிந்தவர் இன்னார்” என்று எழுதினால், ஐந்தாண்டு கழித்துப் படிப்பவருக்கும் விளங்கும். “கல்வி உதவி பற்றி விவாதிக்கப்பட்டது” என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. ஒருவர் எதிர்த்திருந்தால் அவர் சொன்ன காரணத்தையும் எழுதுங்கள். கூட்டம் முடிந்து எழுவதற்கு முன் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். இதைச் செய்யும் பொறுப்பை ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொருவருக்குத் தருவதே மிகச் சிறந்த பயிற்சி. எழுதும் முறை வந்தவர்தான் கூர்ந்து கேட்கிறார்.

நேரம் கிடைத்தால் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில், 1925இல் ராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், அன்று சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த அந்தச் சிற்றூரில் குடியேறி, கதர்ப் பணியை நடத்தினார். ஓர் அமைப்பு நிறுவனருக்குப் பின்னும் நிலைப்பதற்கு என்னென்ன தேவை என்று அங்கே நேரில் யோசிக்கலாம்.

எங்கள் டிரஸ்டுக்கு நன்கொடை தருபவர்கள் 80ஜி ரசீது கேட்கிறார்கள். பதிவுப் பத்திரம் இருந்தால் போதாதா?

போதாது. பதிவுப் பத்திரம் அமைப்புக்குப் பிறப்புச் சான்று மட்டுமே. அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்குத் தருவது 12ஏ எனப்படும் பதிவு; நன்கொடையாளருக்கு வரிக் கழிவு தருவது 80ஜி ஒப்புதல். இரண்டுக்கும் வருமான வரித் துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். புதிய அமைப்புக்கு முதலில் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும், அது முடியும் முன்பே முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் 12ஏ, 80ஜி உள்ளிட்ட பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. பழைய கையேட்டை வைத்துக்கொண்டு படிவம் நிரப்பாதீர்கள்.

2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாகத் தந்தால் கொடுத்தவருக்குக் கழிவு கிடைக்காது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இந்தக் கழிவு இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

ஆத்தூரில் ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் தொடங்கி, ஆறு மாதம் நடத்திப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யலாமா?

கூடாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அத்தகைய இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்துபவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சங்கப் பதிவு வேறு, இந்தப் பதிவு வேறு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு முதலில் செல்லுங்கள்.

என் அண்ணன் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். மாதம் 100 டாலர் அனுப்புவதாகச் சொல்கிறாள். சங்கத்தின் வங்கிக் கணக்கில் வாங்கலாமா?

அவளிடம் இந்திய பாஸ்போர்ட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர், வெளிநாட்டில் வசித்தாலும், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலையும் ஒரு கடிதத்தையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டிருந்தால், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடையே. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. பதிவுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு செயல்பாடும், கடந்த மூன்று நிதியாண்டுகளில் அமைப்பின் நோக்கங்களுக்காக 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருப்பதும் தேவை. பணத்தை டில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த தனிக் கணக்கில்தான் முதலில் பெற வேண்டும். பாசத்தோடு வரும் பணம் என்பதால் சட்டம் விட்டுக்கொடுக்காது.

மேச்சேரியில் எங்கள் அமைப்பு தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. பக்கத்தில் பெரிய ஆலைகள் இருக்கின்றன. அவற்றின் சமூகப் பொறுப்பு நிதியை எப்படிப் பெறுவது?

இப்போதைக்கு அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்பனையோ லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பணியை ஏற்று நடத்தும் வெளி அமைப்புக்கு 12ஏ, 80ஜி ஆகிய இரண்டும், அதே வகைப் பணியில் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும், சமூகப் பொறுப்பு நிதிக்கான சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவும் செய்திருக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தை மூன்று ஆண்டுக்கான தணிக்கை செய்த கணக்குகளையும் நேர்மையான ஆண்டறிக்கைகளையும் உருவாக்கப் பயன்படுத்துங்கள். தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் ‘தர்பன்’ இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம்; அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம்.

எங்கள் பொருளாளர் ஆசிரியர். மே மாதம் வெளியூருக்கு மாறுதலாகிறார். கணக்கு அவருக்கு மட்டுமே தெரியும். என்ன செய்வது?

மார்ச் 31 வரையிலான கணக்கை அவர் இருக்கும்போதே முடித்து ஆடிட்டரிடம் ஒப்படையுங்கள். புதிதாக வருபவர் இப்போதிருந்தே அவரோடு உட்கார்ந்து, ஏப்ரல் மாத வவுச்சர்களை அவரே எழுத, பழையவர் சரிபார்க்கட்டும். வங்கியில் கையெழுத்து மாற்றத்துக்குச் செயற்குழுத் தீர்மானத்தின் நகல் கேட்பார்கள். அந்தத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே நிறைவேற்றுங்கள். நிர்வாகி மாற்றத்தை மாவட்டப் பதிவாளருக்கும் தெரிவியுங்கள். பயன்படுத்தாத காசோலைகளின் எண்கள், ரசீதுப் புத்தகங்களின் எண்கள், பான் அட்டை, இணையதளங்களின் கடவுச்சொற்கள், பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதி ஆகிய அனைத்தையும் பட்டியலிட்டு, கொடுத்தவரும் பெற்றவரும் செயலாளரும் கையெழுத்திட்டு மூன்று பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்; கையிருப்பு ரொக்கத்தை எண்ணி அதே தாளில் எழுதுங்கள்.