பொட்டாசியம் 5.7, லிப்போபுரோட்டீன் (ஏ) 82: எதை முதலில் கவனிப்பது?

கேள்வி: வயது 54. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40 சாப்பிடுகிறேன். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். பொட்டாசியம் 5.7, லிப்போபுரோட்டீன் (ஏ) 82 மி.கி., எல்.டி.எல். 128, கிரியேட்டினின் 0.9 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. எதற்கு முதலில் வைத்தியம் பார்ப்பது?
- வாசகர், கும்பகோணம்

பதில்: பொட்டாசியத்தைத்தான் முதலில் பாருங்கள், இன்றைக்கே. வைத்தியம் அப்புறம், அந்த 5.7 உண்மைதானா என்று முதலில் தெரிய வேண்டும். பெரும்பாலான லேப்களில் 3.5 முதல் 5.0 அல்லது 5.1 வரை இயல்பு என்று போட்டிருக்கும்.

உடலில் உள்ள பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்குள்ளேயே இருக்கிறது. ரத்தத்தில் மிதப்பது சொற்பம். எடுக்கும்போது சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைந்தாலே அளவு ஏறிவிடும். நரம்பு தெரியட்டும் என்று கையை மூடி மூடித் திறக்கச் சொல்வார்கள், அதுவும் ஏற்றும். வீட்டில் எடுத்த ரத்தத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. சுழற்றிச் சீரத்தை (அணுக்கள் நீங்கிய தெளிந்த நீரை) பிரிக்காமல் ஐஸ் பெட்டியில் மணிக்கணக்கில் வைத்தால், பொட்டாசியத்தைச் செல்லுக்குள் இழுத்து வைக்கும் பம்ப் குளிரில் மந்தமாகி, அணுக்கள் உடையாமலே கசியும். சீரம் சிவக்காததால் லேபுக்கும் சந்தேகம் வராது. கூடவே கால்சியம் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக வந்திருந்தால், ஊதா மூடிக் குழாயில் உள்ள பொட்டாசியம் உப்பு இந்த ரத்தத்தில் கலந்துவிட்டது என்று ஊகிக்கலாம்.

ஆகவே லேப் உள்ள மருத்துவமனைக்கே போய் மறுபடி கொடுங்கள். கையை மூடித் திறக்க வேண்டாம். கட்டுப் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்க வேண்டாம். உடனே பிரிக்கச் சொல்லுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், இ.சி.ஜி. இரண்டையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். ‘ஒன்றும் செய்யவில்லை’ என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. பொட்டாசியம் அறிகுறி காட்டாமலே இதயத் துடிப்பைக் கெடுக்கும். 6-ஐத் தாண்டினாலோ, இ.சி.ஜி. மாறியிருந்தாலோ, தசைத் தளர்ச்சி, படபடப்பு, மயக்கம் வந்தாலோ நேராக அவசரப் பிரிவுதான்.

இரண்டாம் தடவையும் கூடுதல் என்றால் டெல்மிசார்டனைச் சந்தேகிக்க வேண்டும்; அது பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மருந்து. ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள்; அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஸ்பைரோனோலாக்டோன் (நீர் பிரிய வைக்கும் மாத்திரை), கோ-ட்ரைமாக்சசோல் (கிருமிக்கொல்லி), மூட்டுவலிக்கு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் எதையாவது சேர்த்துச் சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். பிரஷருக்கு நல்லது என்று ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்கியிருந்தால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். இந்த மாத்திரையோடு அது சேரவே கூடாத ஜோடி. இளநீரில் 100 மி.லி.க்குச் சுமார் 250 மி.கி. பொட்டாசியம், 300 மி.லி. உள்ள ஒரு காய் 750 மி.கி. தந்துவிடும். மறு பரிசோதனை முடியும்வரை அதைத் தள்ளிவையுங்கள். காய்கறியைப் பொடியாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் கணிசமாகக் குறையும். வடித்த நீரை ரசத்தில் ஊற்றினால் வடித்ததற்கே பலனில்லை.

லிப்போபுரோட்டீன் (ஏ) நேர் எதிர், அவசரமே இல்லை. அது ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒருவகைத் துகள்; கூடினால் மாரடைப்பு அபாயம் கூடும். பெரும்பாலும் மரபணுவே தீர்மானிப்பதால் வாழ்நாள் முழுக்க அதிகம் மாறாது. 50 மி.கி.க்கு மேல், அல்லது நானோமோல் கணக்கில் 125-க்கு மேல் போனால் கூடுதல். இரண்டு அலகுகளையும் ஒன்றுக்கொன்று துல்லியமாக மாற்ற முடியாது. துகளின் பருமன் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிறுநீரக நோய், தைராய்டு குறைவு இருந்தாலும் ஏறும் என்பதால் அவற்றை ஒருமுறை பார்த்துவிடலாம். மற்றபடி 82-ஐக் குறைக்கிறேன் என்று பூண்டு, ஓட்ஸ் என்று அலைவது வீண். இதற்கு நீங்கள் செய்யக்கூடியது, குறைக்க முடிந்ததையெல்லாம் குறைப்பதுதான். புகை இருந்தால் நிறுத்துங்கள். பிரஷரையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 128 உங்களுக்கு அதிகம். அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தேவையா, எவ்வளவுக்கு இறக்குவது என்று மருத்துவரிடம் பேசுங்கள். பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்டாட்டின் ஆறு மாதம் சாப்பிட்டும் லிப்போபுரோட்டீன் (ஏ) 70-லிருந்து 76 ஆகிவிட்டது. மருந்தை நிறுத்தலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறுத்தாதீர்கள். ஸ்டாட்டின் இதைக் குறைக்காது. சிலருக்குச் சற்றே ஏறுவதும் உண்டு. அது குறைப்பது எல்.டி.எல்.லை, மாரடைப்பிலிருந்து காப்பதும் அந்த வழியில்தான். மருந்து வேலை செய்கிறதா என்பதை எல்.டி.எல். எண்ணில் பாருங்கள். லிப்போபுரோட்டீன் (ஏ)-வுக்கு அடிக்கடி காசு கட்ட வேண்டாம். பெரும்பாலோருக்கு ஆயுளில் ஒருமுறை போதும். ரிப்போர்ட்டில் பெயரையும் சரிபாருங்கள்: ‘அப்போலிப்போபுரோட்டீன் ஏ1’ என்பது நல்ல கொழுப்போடு வரும் வேறு சமாசாரம். அது கூடுதலாக இருப்பதைப் பார்த்துப் பயந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள்.